ரெக்கார்டு நோட்டில் தொடங்கும் காப்பி



கல்லூரி மாணவர்கள் காப்பியடிப்பதைத் தடுப்பது எப்படி, பிடிபட்டால் என்ன செய்வது என்பது இந்த உரைக்கு எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள். இதைக் கேட்டதும் எல்லோருக்கும் தேர்வறைதான் நினைவுக்கு வரும். முழுக்கைச் சட்டையின் மடிப்பில் செருகிய பிட், ஜெராக்ஸ் கடையில் சுருக்கி எடுத்த பக்கங்கள், ஹால் டிக்கெட்டின் பின்புறம் பென்சிலால் எழுதிய சூத்திரம், திடீரென்று உள்ளே வரும் பறக்கும் படை. இன்று நான் தேர்வறையைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. ஆறு செமஸ்டர் படிக்கும் ஒரு மாணவர் தேர்வறையில் உட்காரும் நேரம் மிகக் கொஞ்சம். மற்ற நாளெல்லாம் அவர் அசைன்மென்ட் எழுதுகிறார், அப்சர்வேஷன் நோட்டு எழுதுகிறார், ரெக்கார்டு எழுதுகிறார், கடைசியில் பிராஜெக்ட் அறிக்கை எழுதுகிறார். காப்பியடிக்க அவர் பழகுவது அங்கேதான். பழகிய கையோடுதான் தேர்வறைக்கு வருகிறார்.

நான் இயற்பியல் ஆசிரியன். ஆகவே ஆய்வகத்திலிருந்து தொடங்குகிறேன். தனி ஊசல் பரிசோதனை உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். ஊசலின் நீளத்தையும் 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தையும் அளந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். சென்டிமீட்டர், விநாடி அலகில் அது 980 என்று பாடப்புத்தகம் சொல்கிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசல் 20 முறை ஆட ஏறக்குறைய 40 விநாடி ஆகும். ஸ்டாப் வாட்ச்சை அழுத்தும் விரல் ஐந்தில் ஒரு பங்கு விநாடி முந்தினாலோ பிந்தினாலோ விடை பத்து எண் மாறிவிடும். ஆகவே, முப்பது பேர் உண்மையாக அளந்தால் 966, 973, 985, 991 என்று விடைகள் சிதறித்தான் வர வேண்டும். ரெக்கார்டு நோட்டுகளைத் திறந்தால் 979.8, 980.1, 980.3 என்று வரிசை கட்டி நிற்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 980 எல்லா ஊருக்கும் பொருந்தும் எண் அல்ல. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக இந்த மதிப்பு கூடிக்கொண்டு போகும். சென்னையில் அது ஏறக்குறைய 978.3. நல்ல கருவியை வைத்துக்கொண்டு பொறுமையாக, துல்லியமாக அளக்கும் மாணவிக்குச் சென்னையில் 980 வராது. நம் ரெக்கார்டுகளில் இருக்கும் எண் இந்த ஊரில் அளந்து கிடைத்ததல்ல, புத்தகத்தைப் பார்த்து எழுதியது.

மாணவர்கள் இதை ‘ரீடிங்கை குக் பண்றது’ என்கிறார்கள். ஒளித்துப் பேசுவதில்லை, ஆய்வக உதவியாளர் முன்னாலேயே சொல்கிறார்கள். வர வேண்டிய விடையை முதலில் எழுதிக்கொள்கிறார்கள். பிறகு சூத்திரத்தில் பின்னோக்கிப் போய், அந்த விடை வர எத்தனை விநாடி ஆகியிருக்க வேண்டும் என்று கண்டுபிடித்து அட்டவணையை நிரப்புகிறார்கள். ஊசலை ஆட்டி அளப்பதைவிட இதற்குக் கூடுதல் கணக்கறிவு வேண்டும். அந்த அறிவு இப்படிச் செலவாவதை நினைத்தால் மனம் கனக்கிறது.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? ஒரு மாணவருக்கு 1084 வந்துவிடுகிறது. நோட்டை நீட்டுகிறார். ‘தப்பு, திரும்பப் பண்ணு’ என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த மேசைக்குப் போய்விடுகிறார். மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான். பக்கத்து மேசையில் 980 தயாராக இருக்கிறது. ஆனால் அந்த 1084ஐ நிதானமாகப் பார்த்தால் நடந்தது புரிந்துவிடும். வாட்ச்சை அழுத்தும்போது ‘பூஜ்யம்’ என்று தொடங்காமல் ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கியிருக்கிறார். 19 அலைவுகளுக்கான நேரத்தை 20க்கானது என்று எடுத்துக்கொண்டால் விடை ஏறக்குறைய 1084 என்றுதான் வரும். 968 வந்தவர் நூலை மட்டும் அளந்துவிட்டுக் குண்டின் ஆரத்தைச் சேர்க்க மறந்திருக்கலாம். தவறான விடைக்குள் இவ்வளவு பாடம் இருக்கிறது. பார்த்து எழுதிய 980 எதையும் கற்றுத்தருவதில்லை. ‘உனக்கு ஏன் 1084 வந்தது என்று அரைப் பக்கம் எழுதிக் கொடு, முழு மதிப்பெண் போடுகிறேன்’ என்று ஆசிரியர் சொல்லும் ஆய்வகத்தில் பக்கத்து நோட்டைப் பார்க்கும் தேவையே எழாது.

நான் சொல்ல வந்த கருத்து இதுதான். யாரும் படிக்கப்போவதில்லை என்று எழுதுகிறவருக்குத் தெரிந்த எழுத்துதான் முதலில் காப்பியாகிறது. சீனியர்கள் விட்டுப்போன ரெக்கார்டு விடுதியில் அறை அறையாகச் சுற்றுகிறது. படம் வரைய ஒருவர், தியரி எழுத ஒருவர் என்று பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். நோட்டுகள் கட்டுக்கட்டாக மேசைக்கு வருகின்றன, கையெழுத்தும் தேதியும் விழுகின்றன. இங்கே பக்கம் நிரம்பினால் போதும் என்று மாணவர் அன்றைக்கே புரிந்துகொள்கிறார். இறுதியாண்டில் பிராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி, நிரலையும் அறிக்கையையும் சேர்த்து வாங்கி வருகிறவர் முதலாண்டில் கற்ற அதே பாடத்தைத்தான் தொடர்கிறார். அவர்மேல் மட்டும் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை.

பல கலை அறிவியல் கல்லூரிகளில் நூற்றுக்கு 25 மதிப்பெண் இன்டர்னல், அதாவது கல்லூரியே போடும் மதிப்பெண். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டு விதிமுறைப்படி எழுத்துப் பாடங்களுக்கு 20 ஆக இருந்த இன்டர்னல், 2021ஆம் ஆண்டு விதிமுறையில் 40 ஆனது. மூன்று மணி நேரத் தேர்வு ஒன்றின் முடிவில் ஒருவருடைய எதிர்காலம் தொங்கக்கூடாது என்பதால் இது நல்ல மாற்றம், வரவேற்கிறேன். ஆனால் அசைன்மென்ட்டின் எடை கூடிய அளவுக்கு அதைப் படிக்கும் ஆசிரியரின் நேரம் கூடவில்லை. ஒரு வகுப்பில் அறுபது பேர், மூன்று வகுப்பு, இடையில் கல்லூரியைப் பார்வையிட வரும் ஆய்வுக்குழுவுக்கான கோப்புகள். பாதிப் பணியிடங்களில் கௌரவ விரிவுரையாளர்கள் குறைந்த ஊதியத்தில், அடுத்த ஆண்டு வேலை உண்டா என்று தெரியாமல் நிற்கும் கல்லூரிகள் நம் மாநிலத்தில் இருக்கின்றன. காப்பியைத் தடுக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் ஆசிரியர் நியமனத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

கல்லூரி நடந்துகொள்ளும் விதத்தையும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரே ஆசிரியரைப் பல பொறியியல் கல்லூரிகள் தத்தம் முழுநேர ஆசிரியர் என்று கணக்குக் காட்டியதை 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டு வந்தது. 300க்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர்கள் அப்படி இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கல்லூரிகளின் பட்டியலில் இருந்தன. ஆய்வுக்குழு வரும் வாரத்தில் பழைய தேதியிட்டு வருகைப் பதிவேட்டை நிரப்பும் கல்லூரியில் படிக்கும் பெண்ணிடம், ‘அசைன்மென்ட்டை நீயே எழுது’ என்று எந்த முகத்தோடு சொல்வது?

அச்சுறுத்தலால் தடுக்கலாம் என்ற வழியும் முயன்று பார்க்கப்பட்டதுதான். உத்தரப் பிரதேசத்தில் 1992ஆம் ஆண்டு கல்யாண் சிங் அரசு, தேர்வில் காப்பியடிப்பதைப் பிணையில் வர முடியாத குற்றமாக்கிச் சட்டம் கொண்டுவந்தது. பள்ளிப் பிள்ளைகள் சிறைக்குப் போனார்கள். அந்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 15 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அடுத்து வந்த முலாயம் சிங் அரசு சட்டத்தை நீக்கிவிட்டது. அந்தச் சரிவு எனக்குச் சொல்வது, அங்கே பாடமே நடக்கவில்லை என்பதைத்தான். 2024இல் மத்திய அரசு கொண்டுவந்த பொதுத் தேர்வுகள் முறைகேடு தடுப்புச் சட்டம் கேள்வித்தாளைக் கசியவிடும் கும்பல்களைக் குறிவைக்கிறது. தேர்வெழுதும் மாணவரைச் சிறைக்கு அனுப்பும் நோக்கம் அதற்கு இல்லை, கல்லூரி செமஸ்டர் தேர்வும் அதில் வராது. அந்த வேறுபாடு சரியானது என்று நினைக்கிறேன்.

உறுதிமொழி வாங்கும் வழியும் இருக்கிறது. படிவத்தின் தலைப்பிலேயே ‘உண்மையைத்தான் எழுதுவேன்’ என்று கையெழுத்து வாங்கிவிட்டால் நேர்மை கூடும் என்று 2012இல் வந்த ஓர் ஆய்வுக்கட்டுரை பெரும்புகழ் பெற்றது. அதிலிருந்த தரவின் ஒரு பகுதி புனையப்பட்டது என்று தெரியவந்து 2021இல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நேர்மையைப் பற்றிய ஆய்விலேயே ரீடிங் குக் பண்ணப்பட்டிருந்தது. அமெரிக்காவில் டொனால்ட் மெக்கேப் என்ற பேராசிரியர் பல ஆண்டுகள் மாணவர்களிடம் காப்பியடிப்பதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். மற்றவர்கள் காப்பியடிக்கிறார்கள், அது நடக்கிற காரியம்தான் என்று ஒரு மாணவர் நம்புவதுதான் அவரைக் காப்பியை நோக்கி மிக வலுவாகத் தள்ளும் காரணங்களுள் ஒன்று என்பது அவர் கண்டது. விடுதியில் வாழ்ந்த எவருக்கும் இது தெரியும். ‘எல்லாரும் பண்றாங்க சார்’ என்ற பதிலில் பாதி தற்காப்பு, மீதி உண்மை.

ஆகவே வகுப்பில் கேட்கும் வேலையை மாற்றுவதிலிருந்துதான் தொடங்க வேண்டும். பெரிய செலவு இல்லாத சில வழிகள் உண்டு. கணக்கில் வரும் எண்ணை மாணவரின் பதிவு எண்ணோடு கட்டிவிடலாம். ஊசலின் நீளம் 60 சென்டிமீட்டரோடு உன் பதிவு எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் என்றால் ஒரே வகுப்பில் ஒருவர் விடை இன்னொருவருக்கு உதவாது. முறையைக் கேட்டுத் தெரிந்துகொள்வார், கணக்கை அவரேதான் போட்டாக வேண்டும். தமிழ்த் துறையிலோ வரலாற்றுத் துறையிலோ என்றால், உன் ஊர்க் கோயில் கல்வெட்டு ஒன்று, உன் பாட்டி சொல்லும் ஒப்பாரி ஒன்று என்று கேட்கலாம். அதற்கு விடை எந்த நோட்ஸிலும் இருக்காது.

அறுபது அசைன்மென்ட்டையும் வரி வரியாகப் படிக்க முடியாது என்றால் ஐந்து பதிவு எண்களைக் குலுக்கலில் எடுங்கள். அந்த ஐந்து பேரையும் ஒவ்வொருவராக உட்காரவைத்து, அவரவர் எழுதியதிலிருந்தே இரண்டு கேள்வி கேளுங்கள். யார் எண் வரும் என்று யாருக்கும் தெரியாது. தாளை யாரோ படிக்கிறார்கள், படித்துவிட்டுப் பேசுகிறார்கள் என்பது அறுபது பேருக்கும் தெரிந்துவிடும். அந்தப் பேச்சு விசாரணைபோல் இருக்கக்கூடாது. நன்றாக எழுதிய மாணவிக்குத் தன் எழுத்தை ஒருவர் படித்திருக்கிறார் என்று தெரிவதே பெரிய பரிசு.

எது காப்பி, எது கூட்டுப் படிப்பு என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நம் கடமை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 2012ஆம் ஆண்டு, அமெரிக்க நாடாளுமன்றத்தைப் பற்றிய ஒரு பாடத்தில் வீட்டிலிருந்து எழுதும் இறுதித் தேர்வு நடந்தது. புத்தகம், குறிப்பு, இணையம் எதையும் பார்க்கலாம், மற்றவரோடு மட்டும் கலந்து பேசக்கூடாது. ஒரே மாதிரியான விடைகள் வந்ததால் ஏறக்குறைய 125 பேர் விசாரிக்கப்பட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் சிறிது காலம் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. இணையம் முழுவதையும் திறந்துவிட்ட தேர்வில் பக்கத்து அறை நண்பரிடம் கேட்பது மட்டும் குற்றம் என்பது தங்களுக்குத் தெளிவாக இல்லை என்று பலர் சொன்னார்கள். நம் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பதை நல்ல குணம் என்று சொல்லி வளர்த்திருக்கிறோம், அது நல்ல குணம்தான். பேசிப் புரிந்துகொள், பிறகு நோட்டை மூடிவிட்டுத் தனியாக எழுது, யாரிடம் கேட்டாய் என்று கீழே ஒரு வரி போடு என்று சொல்லிவிட்டால் அந்தக் குணமும் கெடாது, நேர்மையும் கெடாது.

அந்த ஒரு வரி போடும் மரபு நமக்குப் புதிதல்ல. பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த சி.வை. தாமோதரம் பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் தங்கள் பதிப்புகளின் முகவுரைகளில் எந்த ஏடு யாரிடமிருந்து கிடைத்தது என்று ஊரையும் பெயரையும் சொல்லி நன்றி எழுதினார்கள். சாமிநாதையரின் சீவக சிந்தாமணி பதிப்பு வந்தது 1887இல். பிறர் உழைப்பைச் சொல்லி எழுதுவது எப்படி என்று முதலாண்டு மாணவருக்குக் காட்ட அந்த முகவுரைகளைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. நாம் காட்டுவதோ மென்பொருள் தரும் ஒற்றுமைச் சதவீதத்தை. கருத்துத் திருட்டு பற்றிய பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் 10 சதவீதம் வரை பிறர் எழுத்தோடு ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. நோக்கம் நல்லதுதான். நடைமுறையில் ஆய்வு மாணவர்கள் சொல்லுக்குச் சொல் மாற்றிப் போட்டு அந்த எண்ணைக் கீழே இறக்குவதில் மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். வர வேண்டிய எண் முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அதை வரவழைத்துவிடுவார்கள் என்பதை ஊசலிலேயே பார்த்தோம்.

2022 நவம்பர் 30ஆம் தேதி சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு அசைன்மென்ட் எழுதித்தர சீனியர்கூட வேண்டியதில்லை. உடனே, செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் கண்டுபிடித்துச் சொல்லும் மென்பொருள்களும் சந்தைக்கு வந்தன. அவற்றை நம்பி ஒரு மாணவரையும் தண்டிக்க வேண்டாம் என்று ஆசிரிய நண்பர்களை மன்றாடிக் கேட்கிறேன். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் இப்படிப்பட்ட ஏழு மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வுக்காகத் தாங்களே எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்ட கட்டுரைகளை இயந்திரம் எழுதியது என்று அவை சொல்லின. எளிய சொற்களும் நேர் வாக்கியங்களும் அவற்றுக்கு இயந்திர எழுத்தாகத் தெரிந்தன. அப்படி எழுதுகிறவர்கள் யார்? அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, கல்லூரியில் முதன்முறையாக ஆங்கிலத்தில் ஐந்து பக்கம் எழுத முயலும் நம் பிள்ளைகள்தாம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டுபிடிப்பு மென்பொருளைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது.

சந்தேகம் வந்தால் மாணவரைக் கூப்பிட்டுப் பேச வையுங்கள், தமிழில் பேச வையுங்கள். தமிழில் மளமளவென்று விளக்கத் தெரிந்த பலர் ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்பதற்காகவே வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டுகிறார்கள். ஆங்கில வழிப் பாடமாக இருந்தாலும் தேர்வைத் தாய்மொழியில் எழுத அனுமதிக்கலாம் என்று யுஜிசி 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. அசைன்மென்ட்டுக்கும் அந்த வாசலைத் திறந்துவிட்டால் காப்பியின் ஒரு பெரிய காரணம் அங்கேயே குறையும்.

இத்தனைக்குப் பிறகும் சிலர் காப்பியடிப்பார்கள். அப்போது கல்லூரி என்ன செய்ய வேண்டும்? 1954ஆம் ஆண்டு உத்தரப் பிரதேசத்தில் இன்டர்மீடியட் தேர்வு எழுதிய மூன்று மாணவர்களின் தேர்வை, அவர்களிடம் ஒரு விளக்கமும் கேட்காமல் வாரியம் ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கன்ஷியாம் தாஸ் குப்தா வழக்கு என்று அதைச் சொல்வார்கள். விளக்கம் கேட்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்காவிட்டாலும், ஒருவருடைய வாழ்க்கையைப் பாதிக்கும் முடிவை எடுக்கும் முன் அவர் தரப்பைக் கேட்டே ஆக வேண்டும் என்று 1962இல் தீர்ப்பு வந்தது. ஒரு மையம் முழுவதும் கூட்டாகக் காப்பி நடந்திருந்தால் ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்கத் தேவையில்லை என்று 1970இல் பிகார் வழக்கு ஒன்றில் அதே நீதிமன்றம் சொன்னது. ஆனால் நம் கல்லூரிகளில் நடப்பது பெரும்பாலும் ஒரு மாணவர், ஒரு பிட், ஒரு கண்காணிப்பாளர். அங்கே 1962ஆம் ஆண்டுத் தீர்ப்புதான் பொருந்தும். அறுபது ஆண்டு கடந்த பிறகும், கண்காணிப்பாளர் எழுதி வைத்த தாளில் அழுதுகொண்டே கையெழுத்துப் போடும் மாணவரைத்தான் பல இடங்களில் பார்க்கிறோம்.

தேர்வறையில் பிடிபட்ட மாணவர் விடுதிக்குப் போய் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தியை நம் மாநிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை படித்திருக்கிறோம். இதைவிட முக்கியமாக நான் சொல்ல வேண்டியது இன்று வேறொன்றும் இல்லை. பிடிபட்டவரை மற்ற மாணவர்கள் முன்னால் ஏசக்கூடாது. உடையைக் களைந்து சோதனை போடக்கூடாது. பிட்டை எடுத்துக்கொண்டு, புதிய விடைத்தாள் கொடுத்து, மீதி நேரத்துக்கு எழுத விட வேண்டும். தேர்வு முடிந்ததும் அவரைத் தனியாக அனுப்பக்கூடாது. அவர் நம்பும் ஓர் ஆசிரியரோ நண்பரோ கூட இருக்க வேண்டும். வீட்டுக்குச் செய்தி சொல்லுவதாக இருந்தால், முதலில் அவரைப் பேச வைத்து, பிறகு நாம் பேச வேண்டும். பெற்றோரிடம், ‘உங்கள் பிள்ளையின் படிப்பு இதோடு முடிந்துவிடவில்லை’ என்ற வாக்கியத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரவெல்லாம் விழித்துப் படித்துத் தானே எழுதி 52 வாங்கிய மாணவிக்கும், பார்த்து எழுதி 78 வாங்கியவருக்கும் இடையில் கல்லூரி நியாயம் செய்தாக வேண்டும். அந்த மாணவியை நாம் பேச்சில் எளிதாக மறந்துவிடுகிறோம். முதல்முறை ரெக்கார்டைப் பார்த்து எழுதியவர் அந்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்யட்டும். அசைன்மென்ட்டை வாங்கி வந்தவருக்கு அதில் பூஜ்யம், வேறு தலைப்பில் ஆசிரியர் முன்னிலையில் எழுதும் வாய்ப்பு ஒன்று. ஆள்மாறாட்டத்துக்கும், பணம் வாங்கிக்கொண்டு எழுதித் தருவதற்கும் கடுமையான நடவடிக்கை வேண்டும். ஒரே கல்லூரியில் ஒரு துறை கண்டுகொள்ளாமல் விடுவதும் இன்னொரு துறை மூன்று தேர்வுகளுக்குத் தடை போடுவதும் கூடாது.

அடுத்த கல்வியாண்டுக்கான கல்லூரிக் கையேடு அச்சுக்குப் போகும் முன் அதில் ஒரு பக்கம் இதற்காக ஒதுக்க வேண்டும் என்று நம் கல்லூரி முதல்வர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். குற்றச்சாட்டு எழுத்தில் தரப்படும், பதில் சொல்ல ஒரு வாரம் உண்டு, விசாரிக்கும் குழுவில் புகார் கொடுத்த ஆசிரியர் இருக்கமாட்டார், மாணவர் தனக்குத் துணையாக ஒருவரை அழைத்து வரலாம், முடிவு பிடிக்கவில்லையென்றால் யாரிடம் முறையிடலாம் என்ற விவரங்கள் அந்தப் பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். முதலாண்டு மாணவர்கள் வரும் முதல் வாரத்திலேயே, யாரும் எதுவும் செய்வதற்கு முன், அதை வகுப்பில் படித்துக் காட்டுங்கள். தண்டனைக் காலம் முடிந்து ஒரு மாணவர் வகுப்புக்குத் திரும்பும்போது அவருக்கு விட்டுப்போன பாடங்களைச் சொல்லித்தரப் போகும் ஆசிரியர் யார் என்பதையும் அதே பக்கத்தில் எழுதி வையுங்கள்.